காளான் சமைத்த நாளில் முதல் பந்தி

என் மகன் போன மாதம் ஒரு பாட்டில் வாங்கி வந்தான். பழுப்புக் கண்ணாடி, வெள்ளை மூடி, மேலே சிவப்பாக ஒரு காளான் படம். உள்ளே காளானைப் பொடி செய்து அடைத்த கேப்சூல்கள். ரெய்ஷி என்று பெயராம். சீன தேசத்து ராஜாக்கள் சாப்பிட்டதாம். நெஞ்சுக்கு நல்லது, இளைப்புக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது, ஈரலுக்கு நல்லது என்று பாட்டிலைச் சுற்றிலும் அச்சடித்திருந்தார்கள். இத்தனைக்கும் நல்லது என்று ஒரு பொருளைச் சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

"தினமும் ஒண்ணு போட்டுக்கோம்மா. நேச்சுரல்தான். ஒண்ணும் பண்ணாது" என்றான் மகன்.

சரி என்று வாங்கி அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். திறக்கவில்லை. மூடியின் மேல் இருந்த அந்தக் காளானை எனக்கு முன்பே தெரியும். இப்போது நான் இருக்கும் இதே திருப்பதியில், மலையடிவாரக் கடைத்தெருவில், சாக்கு விரித்து விற்றதைப் பார்த்திருக்கிறேன். அதைக் கஷாயம் வைத்துக் குடித்தவர் என் நைனா, அதாவது என் அப்பா. அவருக்கு முன்பு குடித்துப் பார்த்தவர் என் அம்மா.

அப்போது நாங்கள் நகரியில் இருந்தோம். நைனா, அம்மா, நான் என்று மூன்று பேர்; வீட்டில் இரண்டு தறி. நைனா ஒன்றில் உட்காருவார், அம்மா ஒன்றில். ராட்டையில் தார் சுற்றுவது, அதாவது நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றுவது, என் வேலை. எனக்குக் கல்யாண வயது வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேச ஆரம்பித்திருந்த காலம். நைனாவுக்கு இளைப்பு. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் மூச்சு விசில் போலக் கேட்கும். தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து நெய்யும்போது நூலிலிருந்து பறக்கும் பஞ்சு நேராக மூக்குக்கு வரும். இருமுவார், எழுந்து வாசலுக்குப் போவார், மறுபடி வந்து உட்காருவார். அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

மருந்து என்று யார் எதைச் சொன்னாலும் நைனா கேட்டுக்கொள்வார். தூதுவளை, ஆடாதோடை, மிளகு, கற்பூரவல்லி எல்லாம் எங்கள் வீட்டு அடுப்பில் ஏறி இறங்கியவை. ஒவ்வொன்றும் நாலு நாள் கேட்கும், பிறகு கேட்காது. கேட்காமல் போனால் மருந்தின் மேல் கோபம் வராது, பக்குவம் சரியில்லை என்று அம்மாவின் மேல் வரும்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு வரிசையைச் சொல்ல வேண்டும். முதலில் நைனா உட்காருவார். பிறகு நான். எல்லாம் முடிந்து, சட்டியில் மிஞ்சியதை வைத்துக்கொண்டு அம்மா. தெருவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். ஆனால் காளான் சமைத்த நாளில் மட்டும் வரிசை தலைகீழாகும். அன்றைக்கு முதல் பந்தி அம்மாவுக்கு. சமைத்தவள் ஒரு கரண்டிக் குழம்பைக் களியோடு சாப்பிட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார வேண்டும். தறிக்கு மேலே கூரையில் வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்போம். அதன் வழியாக வரும் வெயில் தறியிலிருந்து நகர்ந்து எதிர்ச் சுவரைத் தொடும்வரை மற்றவர்கள் காத்திருப்போம். தொட்டதும் அம்மாவைப் பார்ப்போம். "ஒண்ணும் இல்ல, துன்னுங்க" என்பார். உடனே நைனா தட்டை இழுத்துக்கொள்வார்.

இதற்கு முன்னால் வேறு சோதனைகளும் உண்டு. குழம்பு கொதிக்கும்போது ஒரு பழைய வெள்ளி மெட்டியைப் போடுவார் அம்மா. கறுத்தால் விஷம். மஞ்சளைப் போட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார். மாறினால் விஷம். மெட்டி தேறி, மஞ்சள் தேறி, கடைசியில் அம்மாவும் தேற வேண்டும். நான் அதைப் பற்றி ஒன்றும் யோசித்ததில்லை. சிறுமியாக இருந்தபோது அம்மாவுக்கு முதலில் கிடைக்கிறதே என்று பொறாமைகூடப் பட்டிருக்கிறேன்.

நைனா கெட்டவர் இல்லை. அம்மாவைக் கைநீட்டி அடித்ததில்லை, சந்தைக்குப் போனால் பூ வாங்காமல் வரமாட்டார். அம்மா முதலில் சாப்பிடுவது அவர் கண்ணுக்கு அடுப்பு எரிவது போல ஒரு சாதாரணக் காரியம்.

ஒரு வேண்டுதலுக்காக மூன்று பேரும் திருப்பதிக்குப் போயிருந்தோம். சாமி பார்த்துவிட்டு மலை இறங்கி வந்தோம். கடைத்தெருவில் வேர், பட்டை, கொட்டை எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நைனா இருமிய இருமலைக் கேட்டதும் அவரே கூப்பிட்டார். "ஆயாசமா? இதி தாகண்டி, தக்கிப்போத்துந்தி." இளைப்பா, இதைக் குடியுங்கள், குறைந்துவிடும் என்று சொல்லி ஒரு பொருளை நீட்டினார். அரை விசிறி வடிவத்தில், உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தது. மேல்புறம் செக்கச்சிவப்பு, மரச்சாமானுக்கு வார்னிஷ் அடித்தது போலப் பளபளப்பு. அடியில் வெளிர் மஞ்சள், ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். தட்டினால் கட்டையைத் தட்டியது போலச் சத்தம்.

அது மலையில் வேங்கை மரத்தில் முளைத்த காளான் என்றார் அவர். எந்த மரத்தில் முளைக்கிறதோ அந்த மரத்தின் குணம் காளானுக்கு வரும், வேங்கை நல்ல மரம் என்றும் சொன்னார். நைனா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ரயிலில் வரும் வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

அரிவாளால் வெட்டித்தான் துண்டு போட முடிந்தது. இரவு ஊறவைத்துக் காலையில் கொதிக்கவைத்தால் காப்பி நிறத்தில் ஒரு கஷாயம் இறங்கும். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு, வேப்பெண்ணெயே தேவலாம். முதல் நாள் வழக்கப்படி அம்மா அரை டம்ளர் குடித்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். வெயில் நகர்ந்தது. ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு நைனா தினமும் குடித்தார்.

அவருக்குக் கேட்டது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. சில வாரங்களில் விசில் சத்தம் குறைந்தது. இருமல் குறைந்தது. தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி மூச்சை இழுத்துவிட்டுக் காட்டினார்.

அதே நாட்களில்தான் எல்லைத் தகராறு சூடாக இருந்தது. ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்த பிறகு எங்கள் பக்கத்து ஊர்கள் எந்த மாநிலத்துக்கு என்று முடிவாகாமல் கிடந்தது. தமிழ் பேசுகிற ஊர்கள் மெட்ராஸோடு சேர வேண்டும் என்று கூட்டம், ஊர்வலம், மனு. நைனாவுக்கு இதில் அப்படி ஒரு ஈடுபாடு. இன்று புத்தூர், நாளை திருத்தணி, மறுநாள் நாகலாபுரம் என்று வெள்ளை வேட்டியோடு கிளம்பிவிடுவார். தறி சும்மா கிடக்கும். அம்மா தன் தறியில் இரண்டு பேர் வேலையையும் நெய்துகொண்டிருப்பார்.

ஒரு நாள் நைனா கூட்டத்திலிருந்து வந்து, திருத்தணியில் மேடைக்குப் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கோஷம் போட்டும் ஒரு இருமல் வரவில்லை என்று சொல்லி, காளானைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அம்மா தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தாமலே சொன்னார்: "காளான் இல்லீங்க. கூட்டம். நீங்க குழியில உக்காந்தே ஒரு மாசம் ஆவுது. பஞ்சு மூக்குல ஏறல, இருமல் வரல. அவ்ளோதான்."

"உனுக்கு இன்னா தெரியும்? மருந்து குடிக்கிறவனுக்குத்தான் தெரியும் மருந்தோட அருமை."

"உங்களுக்கு முன்னால குடிச்சவ நானு" என்றார் அம்மா. நைனா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு எல்லை முடிவாயிற்று. திருத்தணி மெட்ராஸுக்குப் போயிற்று. நகரி, புத்தூர், பிச்சாட்டூர், சத்தியவேடு எல்லாம் ஆந்திராவுக்கு என்று ஆயிற்று. அம்மாவின் பிறந்த ஊர் திருத்தணிக்குப் பக்கம். "எங்க அம்மா வூடு மெட்ராஸாம், நானு ஆந்திராவாம். பொங்கலுக்குச் சீர் கொண்ணாந்தா வேற ராஜ்ஜியத்துலருந்து வரணும்" என்று சிரித்தார். நைனா சிரிக்கவில்லை. கூட்டங்கள் ஓய்ந்துவிட்டன. வேட்டியை மடித்து வைத்துவிட்டுத் தறிக்குழியில் இறங்கினார். இருமலும் கூடவே இறங்கியது.

முதலில் துண்டைக் கூடுதலாகப் போட்டுக் கொதிக்கவைத்தார். காளானில் முக்கால்வாசி தீர்ந்திருந்தது. மிச்சத்தை ஒரே துண்டாகப் பத்திரப்படுத்திக்கொண்டு, வெந்த சக்கையையே திரும்பத் திரும்ப வேகவைத்தார். கடைசியில் வெறும் வெந்நீர்தான் வந்தது. கசப்புகூட இல்லை. திருப்பதிக்கு மறுபடி போய்த் தேடினார். சாக்கு விரித்தவர் அங்கே இல்லை. மழைக்காலம் வேறு வந்துவிட்டது. உட்கார்ந்தபடியே, முழங்காலைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்குவார். நானும் அம்மாவும் படுத்துக்கொண்டு அதைக் கேட்போம். அடுத்த மூச்சு வருகிறதா என்று காத்திருப்போம். அம்மா தூங்குவதே இல்லை.

நெசவாளர் தெரு இருக்கும் ஊரில் பாவடி என்று ஒரு நீள இடம் இருக்கும். நூலைப் பாவாக விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவிக் காயவிடுகிற மைதானம். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்தது. வருஷக்கணக்காகக் கஞ்சி சொட்டிச் சொட்டி அந்த மண்ணே கறுத்துக் கொழுத்துப்போயிருக்கும். அந்த மழையில் பாவடி ஓரம் முழுக்கக் காளான் பூத்தது. வெள்ளை வெளேரென்று, கும்பல் கும்பலாக, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. நைனா தோள் துண்டு நிறையப் பறித்துக்கொண்டு வந்து அம்மாவின் முன்னால் கொட்டினார்.

எங்கள் பக்கம் சாப்பிடுகிற காளான் புற்றுக்காளான். கறையான் புற்றில் முளைப்பது. குடையின் நடுவில் கூர்மையாக ஒரு முனை இருக்கும். பிடுங்கினால் நீளமாக வேர் போன்ற ஒன்று புற்றுக்குள்ளிருந்து வரும். அம்மா ஒரு காளானை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது புத்துக்காளான் இல்ல. முனை இல்ல, வேர் இல்ல. கழுத்துல வளையம் போட்டுக்கினுகீது."

"வளையம் போட்டா இன்னா? உன் கையிலயும்தான் வளையல் கீது, நீ இன்னா விஷமா?" என்றார் நைனா. இளைப்பிலும் கேலி விடாது அவருக்கு.

அம்மா சிரிக்கவில்லை. நன்றாக விரிந்துவிட்ட காளான் ஒன்றின் அடிப்புறத்தைக் காட்டினார். மடிப்பு மடிப்பாக, லேசாகப் பாசி நிறம் ஏறியிருந்தது.

நைனா மூச்சை நிறுத்தி நிறுத்தி விளக்கினார். திருப்பதியில் வாங்கியது காய்ந்த காளான். காய்ந்ததற்கே அத்தனை சக்தி என்றால் பச்சைக்கு எவ்வளவு இருக்கும். மரத்தில் வந்தால் கெட்டி, தரையில் வந்தால் மெத்து, மற்றபடி ஒரே சாதி. கடைசியாக ஒன்று சொன்னார். எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் அதைக் கேட்டுத் தலையாட்டியிருப்பார்கள்.

"எந்த மரத்துல வருதோ அந்த மரத்துக் குணம்னு அவன் சொன்னானா இல்லியா? இது எதுல வந்துச்சு? நம்ம கஞ்சியில. நாம துன்ற அரிசி. நம்ம கஞ்சியில மொளச்சது நம்மள இன்னா பண்ணும்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அம்மாவுக்கு என்ன பட்டதோ தெரியாது. கொஞ்ச நேரம் நைனாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காளானைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார். நைனாவுக்கு மருந்து கேட்க வேண்டுமே என்ற ஆசை நைனாவைவிட அம்மாவுக்குத்தான் அதிகம். அதை இன்றைக்கு என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

மெட்டியைப் போட்டார். கறுக்கவில்லை. மஞ்சள் போட்டார். மஞ்சளாகவே இருந்தது. மிளகு தட்டிப்போட்டுக் குழம்பு நல்ல வாசனையாக வந்தது. அம்மா முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். ருசி எப்படி என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றார்.

அன்றைக்குச் சிக்கல் என்னவென்றால், வெயிலே இல்லை. நாலு நாளாக மூடிய வானம். கண்ணாடி ஓட்டின் வழியாகச் சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, அது எங்கும் நகரவில்லை. காளான் வருவதே மழையில், அப்போது வெயிலை வைத்து நேரம் பார்ப்பது எப்படி என்று இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. நைனா தறியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், குழம்புச் சட்டியைப் பார்த்தார்.

"போதும். நேரம் ஆயிடுச்சு. உனுக்கு ஒண்ணும் இல்லியே?"

"இன்னும் கொஞ்சம் இருங்க" என்றார் அம்மா.

நைனா இருந்தார். பிறகு தானே எழுந்து தட்டை எடுத்து வைத்துக் களி போட்டுக்கொண்டார். குழம்பை ஊற்றிக்கொண்டார். களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தார். சுவரோரம் இருந்த அம்மா தவழ்ந்தபடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"வேணாங்க" என்று மட்டும் சொன்னார். அங்கேயே வாந்தி எடுத்தார்.

அதன் பிறகு நிற்கவில்லை. வாந்தியும் பேதியும் மாறி மாறி. தண்ணீர் கொடுத்தால் அதுவும் வெளியே வந்தது. கை கால் இழுத்துக்கொண்டது. கண் உள்ளே போய்விட்டது. நான் அழுதுகொண்டே தெருவில் ஓடி ஆட்களைக் கூப்பிட்டேன். மாட்டு வண்டி கட்டி ரோடு வரை கொண்டுபோனோம். திருத்தணிக்கா புத்தூருக்கா என்று யாரோ கேட்டார்கள். திருத்தணி பக்கம் சேர வேண்டும் என்று அத்தனை கத்திய நைனா, "எந்த பஸ் முதல்ல வருதோ அது" என்றார். புத்தூர் பஸ் வந்தது. நைனா அம்மாவைத் தூக்கி ஏற்றினார். மூச்சு வாங்க வாங்கத் தூக்கினார். பஸ்ஸில் அம்மாவின் தலை என் மடியில் இருந்தது. அம்மா செத்துவிடுவார் என்றே நினைத்தேன். நைனாவைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

புத்தூரில் ஒரு டாக்டர், நடுவயது, தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். அம்மாவுக்கு ஊசி போட்டு, பாட்டில் தண்ணீர் ஏற்றினார். ராத்திரி முழுக்க ஏறியது. விடிந்த பிறகுதான் பிழைத்துக்கொள்வார் என்று சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களை உள்ளே கூப்பிட்டு, என்ன காளான், எங்கே முளைத்தது என்று விசாரித்தார். நைனா மெட்டியைப் பற்றிச் சொன்னார், மஞ்சளைப் பற்றிச் சொன்னார், வெயிலைப் பற்றிச் சொன்னார்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "வெள்ளி முட்டைக்கும் கறுக்கும். அதுக்காக முட்டை விஷமா? கொல்ற காளானுக்குக் கறுக்காமலே இருக்கும். மஞ்சளுக்கும் ஒண்ணும் தெரியாது" என்றார். "சில காளான் அன்னிக்கு ஒண்ணுமே செய்யாது. நல்லா தூங்கி எழுந்திரிப்பீங்க. மறுநாள்தான் ஆரம்பிக்கும், ஈரலைப் பிடிச்சிடும். அப்போ நாங்க பார்த்துக்கினு நிக்க வேண்டியதுதான். அந்த மாதிரிக் காளானா இருந்தா உங்க வெயில் சுவரைத் தொட்டு என்ன பிரயோஜனம்? இது உடனே காட்டிச்சே, அதான் அதிர்ஷ்டம்."

நைனா தலையை ஆட்டினார்.

"இளைப்பு யாருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

"எனுக்கு சார்."

"அப்போ மருந்து உங்களுக்கு."

"ஆமா சார்."

"சாப்பிட்டது?"

நைனா கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்ல, "அது வழக்கம் சார்" என்றார்.

"யார் வெச்ச வழக்கம்?"

கட்டிலில் அம்மா விழித்துத்தான் இருந்திருக்கிறார். குரல் எழும்பவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. "யாரு வெச்சாங்களோ சார். என்ன யாரும் கேக்கல."

ஊருக்கு வந்ததும் நைனா பாவடிக்குப் போய், மிச்சமிருந்த காளான்களை மண்வெட்டியால் கொத்திக் குழிபோட்டு மூடினார். டாக்டர் சொன்னபடி நெய்யும்போது மூக்கில் துணி கட்டிக்கொண்டார், சுவரில் ஜன்னல் வைத்தார். இளைப்பு போகவில்லை, ஆனால் குறைந்தது. அதோடு ரொம்ப வருஷம் இருந்தார். திருப்பதிக் காளானில் பத்திரப்படுத்திய கடைசித் துண்டு, ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்கு முட்டுக்கொடுக்கப் போயிற்று. அந்த வேலைக்கு அது நன்றாகவே உதவியது. எங்கள் வீட்டில் அதன் பிறகு எந்தக் காளானும் சமைக்கவில்லை. சாப்பாட்டு வரிசை மட்டும் பழையபடி இருந்தது. நைனா, நான், கடைசியில் அம்மா.

இப்போது பாட்டிலுக்கு வருகிறேன். நான் கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்து, பிள்ளை பெற்று, வீட்டுக்காரர் காலமாகி, இப்போது மகனோடும் மருமகளோடும் இருக்கிறேன். எனக்கு நெஞ்சில் ஒரு கோளாறு. ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை. மாதாமாதம் போய்க் காட்டுகிற டாக்டரிடம் இந்தப் பாட்டிலையும் காட்டிவிடலாம் என்று பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்துத் தனியாகப் போனேன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பாட்டிலில் இருந்ததை வாசித்தார். சீனாவிலும் ஜப்பானிலும் ரொம்பக் காலமாக மருந்தாகக் குடிக்கிற காளான்தான் என்றார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் இன்ன நோயைக் குணமாக்கும் என்று உறுதியாக எதுவும் இல்லை. முக்கியமாக, என்னுடைய மாத்திரையோடு இது சேர்ந்தால் ரத்தம் கசிந்து நிற்காமல் போகலாம். சிலருக்கு ஈரல் கெட்டிருக்கிறது. பொடியாக்கி அடைத்தபின் உள்ளே இருப்பது எந்தக் காளான் என்று யார் கண்டது.

"இயற்கையானதுன்னு போட்டிருக்கே டாக்டர்" என்றேன், வேண்டுமென்றே.

"விஷக் காளானும் இயற்கைதானேம்மா" என்றார். இந்தப் பிள்ளை தேறும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். புருவம் சுருங்கியது. "எத்தனை நாளா போட்டுக்கறீங்க?"

"நான் தொடவே இல்லியே."

பாட்டிலை என் பக்கம் சாய்த்துக் காட்டினார். மூடிக்குக் கீழே ஒட்டியிருந்த தாள் கிழிந்திருந்தது. கேப்சூல்கள் கழுத்துவரை இல்லை, கொஞ்சம் இறங்கியிருந்தன.

வீட்டுக்கு வந்தேன். மருமகள் சமையலறையில் ரசத்தை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பிச்சாட்டூர்ப் பக்கத்துப் பெண். பேங்கில் வேலை. இந்தக் காளான் கதையை அவளுக்கு நான் சொன்னதே இல்லை. யாருக்குமே சொன்னதில்லை. பாட்டிலை மேடை மேல் வைத்தேன்.

"இத யாரு தொறந்தது?"

"நான்தான் அத்தே" என்றாள், கையைத் துடைத்துக்கொண்டே. "உங்களுக்கு நெஞ்சு மாத்திரை வேற ஓடிக்கினு இருக்குது. அவரு பாட்டுக்கு வாங்கிக்கினு வந்துட்டாரு. இன்னா ஏதுன்னு தெரியாம உங்களுக்கு எப்பிடிக் குடுக்கறது? அதான் நான் போட்டுக்கினு பாத்துக்கினு இருந்தேன். எனக்கு ஒண்ணும் பண்ணல அத்தே. நீங்க போட்டுக்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேலா, மகன் மேலா, என் மேலா என்று பிரிக்க முடியாத கோபம். சுவரோரம் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம் நேரில் பார்ப்பது போல வந்துவிட்டது.

"உன்ன யாரு பாக்கச் சொன்னா?" என்று கத்திவிட்டேன்.

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "யாரும் சொல்லலியே அத்தே."

அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன். இங்கே எழுதியிருப்பதை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். அடுப்பை அவள் அணைக்கவில்லை, ரசம் பொங்கி வழிந்தது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

மகன் ஆபீசிலிருந்து வந்து கைகழுவிக்கொண்டு வழக்கமான இடத்தில் உட்காரப் போனான். அங்கே மருமகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான். தட்டில் சோறு, வழிந்தது போக மிஞ்சிய ரசம், அப்பளம்.

"இன்னாம்மா, எனக்குத் தட்டு?" என்றான்.

"நாங்க துன்னு முடிக்கிறோம். நீ இருப்பா" என்றேன்.

அவன் சுவரோரம் போய் உட்கார்ந்தான்.